கத்தரிப் புழுவும் ஒரு நினைவு உதவித்தொகையும்

எங்கள் வீட்டு ஃபிரீசரில் ஐஸ் தட்டுக்குப் பின்னால் வெள்ளி நிற உறை ஒன்று கிடக்கும். உள்ளே இருப்பவை கத்தரிக்காய்ப் புழுவுக்கான லூர்கள். பெண் அந்துப்பூச்சி விடும் வாசனையைச் செயற்கையாக ஏற்றிய சின்னச் சின்னக் குப்பிகள். வயலில் ஒரு பொறிக்குள் இதைத் தொங்கவிட்டால், பெண் இருக்கிறது என்று நம்பி வரும் ஆண் பூச்சி கீழே தண்ணீரில் விழுந்து சாகும். சூட்டில் வீரியம் போய்விடும் என்பதால் ஃபிரீசர். "சாப்பாட்டுச் சாமான் வைக்கிற எடத்துல பூச்சியோட செண்ட்டை வெச்சிருக்கா" என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியாயிற்று. முதல் வருடம் அந்த உறையை என் கைக்காசில் வாங்கினேன். மூன்றாம் வருடம், நான் பார்த்தேயிராத, இறந்துபோன ஒருவரின் பேரில் வந்த பணத்தில் வாங்கினேன். நடுவில் நடந்ததை எழுதுகிறேன். விண்ணப்பம் போட நினைக்கும் யாருக்காவது உதவலாம்.

நான் சென்னையில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். நெட் தேர்வில் உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்தது, ஜே.ஆர்.எஃப். என்னும் ஆய்வு உதவித்தொகை கொஞ்சத்தில் தவறிப்போயிற்று. அந்தக் கொஞ்சத்தின் விலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: 2023 ஜனவரியிலிருந்து ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000 ரூபாய். என்னைப் போலத் தவறியவர்கள் டியூஷன் எடுத்துத்தான் ஆய்வு செய்ய வேண்டும். என் வயல் பூண்டி ஏரிப் பக்கம். மூர் மார்க்கெட்டிலிருந்து திருவள்ளூர் லோக்கல், அங்கிருந்து பஸ், அப்புறம் நடை. வாரம் ஒருமுறை.

புழுவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. தண்டு மற்றும் காய்த்துளைப்பான் என்பது பாடப்புத்தகப் பெயர். இலையில் வைத்த முட்டையிலிருந்து வெளிவரும் குட்டிப் புழு சில மணி நேரத்திலேயே இளந்தண்டுக்குள் புகுந்துவிடும். தண்டின் நுனி வாடித் தலை சாயும். காய் பிடித்ததும் காய்க்குள் போகும், நுழைந்த துளையைத் தன் கழிவாலேயே அடைத்துக்கொள்ளும். கோயம்பேட்டில் நாம் "சொத்தை" என்று ஒதுக்கிவைப்பது இதைத்தான். புழு உள்ளே போனபின் மருந்து அதன்மேல் படாது. அது விவசாயிக்கும் தெரியும். ஆனாலும் வேறு வழி தெரியாததால் வாரத்துக்கு இரண்டு முறை அடிக்கிறார். கத்தரிக்காயை நாலைந்து நாளுக்கு ஒருமுறை பறித்தே ஆக வேண்டும். மருந்தடித்தபின் இத்தனை நாள் பறிக்கக்கூடாது என்று டப்பாவில் போட்டிருக்கும் காத்திருப்புக் காலம் அதற்குள் எப்படி முடியும்?

துறையின் அறிவிப்புப் பலகையில் ஒரு ஏ4 தாளில்தான் அந்த அறிவிப்பைப் பார்த்தேன். வேளாண் துறையில் பயிர்ப் பாதுகாப்பு அலுவலராக இருந்து ஓய்வுபெற்று மறைந்த ஒருவரின் நினைவாக, அவர் மனைவியும் அவரிடம் வேலை பழகியவர்களும் சேர்ந்து வங்கியில் ஒரு தொகை போட்டு, அதன் வட்டியில் வருடத்துக்கு ஒரு ஆய்வு மாணவருக்கு உதவுகிறார்கள். சின்ன அறக்கட்டளை. பெயர் வேண்டாம், அவர்களே விளம்பரம் விரும்பாதவர்கள்.

பார்த்ததும் நான் செய்த முதல் தவறு, இது கோவை வேளாண் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளுக்கானது என்று நானாகவே முடிவுகட்டி இரண்டு வாரத்தைத் தொலைத்தது. யோசித்துப் பார்த்தால் அசட்டுத்தனம். இலைப்பேன்களைப் படிப்பதிலேயே ஆயுளைச் செலவிட்ட டி.என். அனந்தகிருஷ்ணன் லயோலா கல்லூரியில் இருந்த விலங்கியல்காரர். பருத்தி வாடல் நோயை ஆராய்ந்த டி.எஸ். சதாசிவன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் ஆய்வகத்தை நடத்தியவர். இந்த ஊரிலேயே இவ்வளவு இருக்க, எனக்குத் தாழ்வு மனப்பான்மை. கடைசியில் தாளில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் ஒரு பெரியவர். "புழுவுக்கு நீங்க எந்தக் காலேஜ்னு தெரியாதும்மா, அனுப்புங்க" என்றார். பயிர்ப் பாதுகாப்பு என்றால் பூச்சி மட்டும் இல்லை, நோய், களை, நூற்புழு, எலி, குதிரில் வரும் வண்டு எல்லாமே அதில் சேரும் என்றும் சொன்னார். உங்களுக்குத் தகுதி உண்டா என்ற சந்தேகம் வந்தால் போன் செய்து கேளுங்கள். இரண்டு நிமிட வேலை.

அப்புறம் அவசர அவசரமாக அனுப்பினேன். கிடைக்கவில்லை.

ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டேன். அது நான் தெரியாமல் செய்த நல்ல காரியம். மறுபடி அதே பெரியவர். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், அறக்கட்டளையின் பொருளாளர். விண்ணப்பத்தை மூன்று பேர் படிக்கிறார்கள்: அவர், மறைந்தவரின் மனைவி, ஒரு ஓய்வுபெற்ற பேராசிரியர். "எங்க ரெண்டு பேருக்கும் நீங்க என்ன செய்யப்போறீங்கன்னே புரியலை. புரொபஸருக்குப் புரிஞ்சுது. ஆனா இதைத்தான் எல்லாரும் எழுதுறாங்கன்னுட்டார்" என்றார். ஒளிவு மறைவு இல்லாமல் சொன்னதற்கு இன்றுவரை அவருக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

நான் செய்திருந்தது என்னவென்றால், பதிவுக்காகக் கல்லூரியில் கொடுத்த சுருக்கத்தை அப்படியே ஒட்டியிருந்தேன். முதல் வாக்கியம் இப்படி: "கத்தரியில் தண்டு மற்றும் காய்த்துளைப்பானுக்கு எதிரான ஒருங்கிணைந்த மேலாண்மைக் கூறுகளின் செயல்திறனை மதிப்பிடுதல் இவ்வாய்வின் நோக்கமாகும்." இதில் பொய் ஒன்றும் இல்லை. படிப்பவர் மனதில் ஒரு செடிகூட முளைக்காது, அவ்வளவுதான்.

மறுவருடம் எழுதும் முன் ஒரு வேலை செய்தேன். இதை யாரும் சொல்லித்தரவில்லை, ஒரு குறுகுறுப்பு. மறைந்த அந்த அலுவலர் யார் என்று தேடினேன். எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் பழைய வேளாண் இதழ்களைப் புரட்டியதில் அவர் பெயரில் ஒரு சின்னக் கட்டுரை கிடைத்தது. நெல்லில் வரும் புகையான் பற்றி. புகையான் தூரின் அடியில், தண்ணீருக்குச் சற்று மேலே கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். மேலே நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. வயலில் வட்ட வட்டமாகக் கருகிய பிறகுதான் விவசாயி பதறுவார். பதறி மேலாக மருந்தடித்தால் அது அடித்தூருக்குப் போய்ச் சேராது. புகையானைத் தின்னும் சிலந்தியும் நாவாய்ப்பூச்சியும்தான் சாகும், புகையான் முன்னைவிடப் பெருகும். ஆகவே குனிந்து பாருங்கள், எண்ணுங்கள், அப்புறம் அடிப்பதா என்று முடிவு செய்யுங்கள். கட்டுரை சொன்னது இவ்வளவுதான். அதைப் படித்தபோது என் கத்தரியும் அவருடைய நெல்லும் ஒரே கதையாகத் தெரிந்தன. மருந்து போகாத இடத்தில் பூச்சி, மருந்து போகும் இடத்தில் அதன் எதிரி.

ஒரு எச்சரிக்கை. இதைக் கண்டுபிடித்த உற்சாகத்தில், "ஐயா அவர்களின் அடிச்சுவட்டில்" என்று ஒரு பத்தி எழுதினேன். மறுநாள் படித்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது, அழித்துவிட்டேன். புகழ்ந்தால் அந்த வீட்டாருக்குத் தெரியாதா? கட்டுரையைப் படித்தேன் என்று ஒரு வரி, அதில் உள்ள கேள்விக்கும் என் கேள்விக்கும் என்ன உறவு என்று இன்னொரு வரி. அது போதும்.

இரண்டாம் விண்ணப்பம் இப்படித் தொடங்கியது: "நான் போகும் தோட்டத்தில் வாரத்துக்கு இரண்டு முறை மருந்தடிக்கிறார்கள். அப்படியும் ஒவ்வொரு பறிப்பிலும் சொத்தைக்கென்று தனிக் கூடை வைக்க வேண்டியிருக்கிறது. புழு காய்க்குள் இருப்பதால் மருந்து அதைத் தொடுவதில்லை. காய்க்குள் போகும் முன்பே பூச்சியைக் குறைக்க மூன்று வழிகளைச் சேர்த்துச் சோதிக்கப் போகிறேன்." பிறகு மூன்று வழிகளும் ஆளுக்கு இரண்டு வரி. தலை சாய்ந்த தண்டுகளை வாரம் ஒருமுறை கிள்ளி அழிப்பது, இனக்கவர்ச்சிப் பொறி, போன பருவத்துக் காய்ந்த கத்தரித் தண்டுகளை, அதாவது மாறுகளை, வயலோரம் குவித்து வைக்காமல் இருப்பது. எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "மாறு எதுக்கு?" என்று கேட்டார். அதற்கு விண்ணப்பத்தில் பதில் இல்லை. அந்தக் குவியலில் இருக்கும் கூட்டுப்புழுக்களிலிருந்து புது நடவுக்குப் பூச்சி வருகிறது என்று ஒரு வாக்கியம் சேர்த்தேன். உங்கள் துறைக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரிடம் படித்துக் காட்டி, அவர் எங்கே குறுக்கே கேட்கிறாரோ அங்கே ஒரு வரி சேருங்கள்.

செலவுக் கணக்கையும் மாற்றினேன். முதல் முறை "நுகர்பொருட்கள், பயணம், இதர செலவு" என்று மூன்றே வரி, மூன்றும் உருண்டை எண்கள். வங்கியில் வாழ்ந்தவர் அதைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்! இரண்டாம் முறை ரயில், பஸ் கட்டணத்தை வாரக்கணக்கில் பெருக்கினேன். லூருக்குக் கடையில் விலைப்பட்டியல் வாங்கி இணைத்தேன், மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதால் எத்தனை மாதம், எத்தனை பொறி என்று போட்டேன். மொத்தம் அவர்கள் தரும் தொகையைவிடக் கொஞ்சம் கூடவே வந்தது. மிச்சத்தை என் டியூஷன் பணத்தில் பார்த்துக்கொள்வேன் என்று அப்படியே எழுதினேன். தொகைக்குச் சரியாக வெட்டி ஒட்டிய கணக்கைவிட இது நம்பும்படி இருந்தது என்று பிறகு சொன்னார்கள்.

பரிந்துரைக் கடிதம். இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு, யாரையும் சுட்டவில்லை. முதல் முறை கடைசி வாரத்தில் போய் நின்றேன். கிடைத்த கடிதத்தில் நான் "கடின உழைப்பாளி, நன்னடத்தை உடையவர்" என்று இருந்தது. பெயரை மாற்றினால் எங்கள் துறையில் யாருக்கும் பொருந்தும். அடுத்த முறை ஒரு மாதம் முன்பே போய், நான் செய்த களப்பணி, எத்தனை வாரம், எதில் சொதப்பினேன் என்று ஒரு பக்கம் எழுதிக் கையில் கொடுத்தேன். "மேடம், இதுல எது வேணுமோ எடுத்துக்கோங்க" என்றேன். அந்தக் கடிதத்தில், மழையில் பொறிகள் போனபின் மறுவாரமே நான் வயலுக்குப் போனது பற்றி ஒரு வரி இருந்தது. நேர்காணலில் அந்த வரியிலிருந்துதான் பேச்சே ஆரம்பித்தது.

இனி, இனிஷியல். எல்லாவற்றையும்விட அதிகம் அலையவைத்தது இதுதான். என் பட்டச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் அப்பாவின் இனிஷியல். ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால். வங்கிக் கணக்கில் இனிஷியலே இல்லை. இளநிலையில் தொடங்கிய கணக்கு என்பதால் பயன்பாடில்லாமல் முடங்கியும் கிடந்தது. மூன்று தாளில் மூன்று பெண்கள். கே.ஒய்.சி. புதுப்பிக்க ஒரு கிளைக்கு மூன்று முறை போனேன், ஒவ்வொரு முறையும் வேறு ஒரு தாள் கேட்டார்கள். பொனஃபைடு சான்றிதழுக்குக் கையெழுத்துப் போடுபவர் விடுப்பில். வருமானச் சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் அது தாலுகா அலுவலகம் வரை போய்த் திரும்ப நாளாகும். விண்ணப்பம் எழுதத் தொடங்கும் அன்றே இந்த மூன்றையும் தொடங்கிவிடுங்கள். ஆதார், வங்கி, சான்றிதழ் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறை எழுத்தெண்ணிப் பாருங்கள். தமிழ்நாட்டில் பிறந்தவர்களுக்கு இது தலையெழுத்து, தலைப்பெழுத்து என்றாலும் சரி.

வேறு உதவித்தொகை வாங்குபவரா என்ற கேள்விக்கு மழுப்பாமல் பதில் எழுதுங்கள். சில இடங்களில் இரண்டு வாங்கக்கூடாது, சில இடங்களில் களச்செலவுக்கு மட்டும் என்றால் தடையில்லை. விதியைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. வரி பற்றிப் பயந்தேன். கல்விச் செலவுக்காகத் தரப்படும் உதவித்தொகைக்கு அப்போது நடைமுறையில் இருந்த 1961 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10(16) பிரிவில் விலக்கு இருந்ததைப் பொருளாளரே காட்டினார்.

நேர்காணல் மேற்கு மாம்பலத்தில் அவர்கள் வீட்டுக் கூடத்தில். சுவரில் சந்தன மாலை போட்ட படம். காபி வந்தது. பேராசிரியர்தான் முதலில் கேட்டார்: "பொறி வெச்சே, பூச்சி விழுந்துது. சொத்தை குறைஞ்சுதா?"

குறையவில்லை. இதைச் சொல்வதா வேண்டாமா என்று முந்தின இரவு முழுக்க யோசித்திருந்தேன். சொல்லிவிட்டேன். ஒரே ஒரு தோட்டத்தில் பொறி வைத்தால், அங்கே ஆண் பூச்சிகள் செத்தாலும், பக்கத்துத் தோட்டத்தில் ஏற்கெனவே ஜோடி சேர்ந்த பெண் பறந்து வந்து முட்டை வைக்கும். லூர் ஆணைத்தான் இழுக்கும், முட்டையோடு வரும் பெண்ணை ஒன்றும் செய்யாது. அதோடு 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் பொறிகளே போயின, அந்தப் பருவத்துக் கணக்கு பாதியில் நிற்கிறது. ஆகவே இந்த முறை அடுத்தடுத்து இருக்கும் ஐந்து தோட்டக்காரர்களைச் சேர்த்துச் செய்யப்போகிறேன், பணம் கேட்பது அதற்குத்தான் என்றேன். பேராசிரியர் தலையாட்டிக்கொண்டே குறித்துக்கொண்டார்.

பொருளாளர் ஒரு நல்ல கேள்வி கேட்டார். "பப்பாளிக்கு மாவுப்பூச்சி வந்தப்ப வெளிநாட்டுலேர்ந்து ஏதோ குளவி கொண்டுவந்து விட்டாங்களே, சரியாப் போச்சே. இதுக்கு அப்படி விட முடியாதா?" 2008 இல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சிக்கு 2010 இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவி வரவழைக்கப்பட்டதை அவர் செய்தித்தாளில் படித்து ஞாபகம் வைத்திருந்தார். நான் சொன்னேன்: அந்த மாவுப்பூச்சி மத்திய அமெரிக்கப் பக்கத்திலிருந்து தன் எதிரியை விட்டுவிட்டுத் தனியாக வந்தது. பின்னாலேயே எதிரியையும் கொண்டுவந்ததும் அடங்கியது. கத்தரிப் புழு நம் ஊர்ப் பூச்சி. அதைக் கொல்லும் திராத்தலா என்ற குளவி இங்கேயே இருக்கிறது. நாம்தான் வாரம் இரண்டு முறை மருந்தடித்து அந்தக் குளவியைக் கொல்கிறோம். இந்தப் பதிலை நான் மனப்பாடம் செய்யவில்லை, மூன்று வருடம் வயலில் நின்றதில் வந்தது. உங்கள் ஆய்வைச் செய்தித்தாளில் வந்த எதனோடும் ஒப்பிட்டுக் கேட்பார்கள். ஒப்பீடு எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று முன்கூட்டியே யோசித்து வையுங்கள்.

மறைந்தவரின் மனைவி அதுவரை பேசவில்லை. பிறகு கேட்டார்: "அங்க மருந்து அடிக்கிறவா கையுறை போட்டுக்கறாளா?"

"இல்லம்மா. லுங்கியோட, வெறுங்கால்ல."

"இவர் டூர்லேர்ந்து வந்தா சட்டையைத் தனி வாளியில போடணும். என் புடவையோட சேர்த்து நனைக்கவே விடமாட்டார். நாற்பது வருஷம்." படத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நஞ்சின் கடுமையைக் காட்ட மருந்து டப்பாவில் போட்டிருக்கும் சிவப்பு முக்கோணத்துக்கும் பச்சை முக்கோணத்துக்கும் என்ன வித்தியாசம் என்று தோட்டக்காரர்களிடம் பேசுவதையும் வேலையில் சேர்த்துக்கொள்கிறேன் என்றேன். அது விண்ணப்பத்தில் இல்லாதது. வீட்டுக்கு வந்து, பேச்சில் சொன்னதை ஒரு கடிதமாக எழுதி அனுப்பினேன்.

இரண்டு வாரத்தில் போன் வந்தது. பணம் இரண்டு தவணை. இரண்டாவது, அறிக்கையும் ரசீதுகளும் கொடுத்த பிறகு. ரசீதுகளை முதல் நாளிலிருந்தே சேர்த்துவிடுங்கள். ரயில் டிக்கெட்டில் இருக்கும் எழுத்து ஆறு மாதத்தில் மங்கிவிடும், வாங்கிய அன்றே போட்டோ எடுத்து வைப்பேன்.

ஐந்து தோட்டக்காரர்களில் நான்கு பேர் சீக்கிரம் ஒத்துக்கொண்டார்கள். ஐந்தாமவர், மாறுக் குவியலை எடுக்க மாட்டேன் என்றார். "வெந்நீர் போட அதான்மா விறகு. நீ கேஸ் வாங்கித் தர்றியா?" நியாயம்தானே. இரண்டு வாரம் இழுபறிக்குப் பிறகு, குவியலைச் சுற்றிக் கொசுவலை போட்டு மூடிவிடலாம், வெளிவரும் பூச்சி உள்ளேயே சாகட்டும் என்று ஒரு உடன்பாடு. திருவள்ளூர் கடைத்தெருவில் பெரிய சைஸில் இரண்டு வாங்கினேன். ரசீதை மற்றவற்றோடு சேர்த்து அனுப்பினேன்.

நான்காம் நாள் பொருளாளர் கூப்பிட்டார். "எல்லாம் சரியா இருக்கும்மா. ஆனா டபுள் காட் கொசுவலை ரெண்டுன்னு ஒரு பில் இருக்கு. அங்கயே தங்குறீங்களா?" காரணத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "வலை போட்டு மூடினதை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, மாமிகிட்ட காட்டணும்" என்றார்.